நிரப்பித் தந்த சட்டி

அடிக்கறுப்பு போகவில்லை. டோன்கா இன்னொரு பிடி சாம்பலும் மணலும் அள்ளிப் போட்டு, வைக்கோலைச் சுருட்டி மறுபடி தேய்த்தாள். முற்றத்துக் குழாய் உறைந்து கிடந்ததால் கெட்டிலில் இருந்து வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டாள். மூக்கும் கைப்பிடியும் வைத்த மண்சட்டி. கஷாயம் தவிர வேறெதையும் அதில் காய்ச்சியதில்லை. விரல் நுழையாத மூக்குக்குள் ஒரு குச்சியில் துணி சுற்றிவிட்டுத் துடைத்தாள். துணியை முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசம் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

அதே முற்றத்தில் நான் குடியிருந்த மேற்கு அறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி மருந்து காய்ச்சப் போகிறாள் என்று நினைத்தேன். குளிர்காலம் முழுக்க இருமியவள். நான் பின்பக்கம் போய்க் கரி அள்ளிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் சட்டியில் கழுத்து வரை அக்ரூட் பருப்பை நிரப்பி, வாயைச் சிவப்புக் காகிதத்தால் கட்டி, முற்றத்தைத் தாண்டி வீட்டுக்காரி வெய் அக்காவின் வாசலில் நின்றிருந்தாள்.

சீனப் புத்தாண்டு பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வெய் அக்கா வீடு நிறைய விருந்தாளிகள். வாசலில் குளிருக்குத் தொங்கவிட்ட பஞ்சுத்திரை விலகியிருந்தது. உள்ளே சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம்.

"அக்கா, உங்க சட்டி," என்றாள் டோன்கா. "எனக்கு நல்லாயிடுச்சு."

கொறிக்கும் சத்தம் நின்றது.

எங்கள் ஊரில் மருந்துச் சட்டியை இரவல் வாங்கலாம். திருப்பிக் கொடுப்பதில்லை. வாங்கியவர் வீட்டிலேயே அது கிடக்கும். அடுத்து நோயில் விழுந்தவர் வந்து கேட்டு எடுத்துப் போவார். சொந்தக்காரருக்கே தேவை என்றாலும் அவர்தான் வந்து கேட்க வேண்டும். சட்டி தானாக ஒரு வீட்டுக்குள் நடந்து வந்தால் நோயும் கூடவே நடந்து வரும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. நடக்கத் தெரிகிற வயதில் இதுவும் தெரிந்துவிடுகிறது.

வெய் அக்கா எழுந்து வந்தாள். இரண்டு கைகளாலும் சட்டியை வாங்கிக்கொண்டாள். சிரித்தாள்.

"வீட்டு மனுஷங்களுக்குள்ள இதெல்லாம் எதுக்கு டுங்? உள்ள வா, குளிருது."

டோன்காவின் பெயர் எங்கள் வாயில் டுங் ஆகியிருந்தது. டுங் என்றால் எங்கள் மொழியில் குளிர்காலம். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். தேநீர் ஊற்றினார்கள். சட்டி அலமாரி மேல் இருந்தது. அந்தப் பக்கம் கண் போய்விடக் கூடாது என்று எல்லோரும் கவனமாக இருந்தார்கள். கரி வாளியோடு நான் வாசலில் நின்றேன். தோஃபு விற்கும் பெங் பக்கத்தில் இருந்தவளிடம் வேகமாகச் சொன்னாள்:

"வெறுஞ்சட்டியாக் கொண்டாந்திருந்தாக்கூடப் பரவால்ல. நெறச்சில்ல கொண்டாந்திருக்கா."

டோன்காவுக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. பெங்கைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"நெறச்சு, நெறச்சு," என்றாள், பெருமையாக.

டோன்கா பல்கேரியாக்காரி. அங்கே மலைகளுக்கு நடுவில் ரோஜா விளைகிற ஒரு பள்ளத்தாக்கு அவள் ஊர். எங்கள் ஊரும் மலைகளுக்கு நடுவில்தான். எங்கள் மலைகளில் புல் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள். எங்களிடமும் ரோஜா உண்டு. முன்பெல்லாம் இதழைச் சர்க்கரையில் ஊறப்போட்டு விற்போம். பிறகு ஆலை வந்தது. பூவைச் செம்பு வாலையில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் இறக்க ஆரம்பித்தார்கள். இறங்கிய எண்ணெயில் வெந்த முட்டைக்கோஸ் வாசம் அடித்தது. வாங்க வந்தவர்கள் முகர்ந்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் மேனேஜர் எங்கெங்கோ விசாரித்து, ஒரு பருவத்துக்கு மட்டும் என்று பேசி, வெளிநாட்டு நிபுணரை வரவழைத்தார்.

நிபுணரை வரவேற்கத் துணிப் பதாகை கட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தோம். பஸ்ஸில் இருந்து அகலமான ஒரு பெண் இறங்கினாள். பதாகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மலைப்பாதை அப்படி. "வெளியாளும் நம்மள மாதிரிதான் வாந்தி எடுக்குது," என்று ஒரு பையன் சொன்னான். ஊர் அவளை அன்றே ஏற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்.

வாலைக்கூடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே வேலைநேரம். அவள் முதலில் கற்ற சொல் 'மெதுவா'. நாங்கள் நீராவியை ஒரேயடியாகத் திறப்போம். அவள் ஓடிவந்து "மெதுவா, மெதுவா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மற்றச் சொற்களை எல்லாம் வெய் அக்கா கொடுத்தாள். முதல் பருவத்துக்குள்ளேயே ஆலை விடுதியை விட்டு வெய் அக்காவின் கிழக்கு அறைக்குக் குடிவந்துவிட்டாள். விடுதியில் பக்கத்து அறையில் யாரும் தும்மினால்கூடக் கேட்காது, பயமாக இருக்கிறது என்றாள். ஆகவே அவள் பேசிய சீனம் வெய் அக்காவின் சீனம். பழமொழி, வசவு, கோழியை விரட்டும் சத்தம் உட்பட. மாகாணத் தலைநகரில் இருந்து வந்த அதிகாரி ஒருவர், இந்தம்மா எந்த மொழி பேசுகிறார் என்று மேனேஜரிடம் கேட்டார்.

அவளுக்குப் பிடிபடாமல் போனது ஒன்றுதான். எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்வது மரியாதை இல்லை. விருந்தாளி கிளம்ப வேண்டும் என்றால், "உங்க வீட்டுக் கோழியெல்லாம் அடைஞ்சிருக்குமா?" என்று கேட்போம். டோன்கா உட்கார்ந்தபடியே, "நான் கோழி வளர்க்கலையே," என்பாள். சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றுவார்கள்.

ஒரு பருவம் என்று வந்தவள் இருந்துவிட்டாள். வருஷாவருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஊரில் அவள் வேலை பார்த்த ஆலை மூடிக்கிடந்தது. கணவன் வேறொருத்தியோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். மகன் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். இதையெல்லாம் அவள் சொல்லும்போது, நேற்று காற்று அடித்தது என்று சொல்வது போல இருக்கும். இந்த முற்றத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் மாறும்.

ஒருநாள் கோபமாக வந்தாள். சந்தையில் பிள்ளைகள் இன்னும் 'வெளியாள்' என்று கூப்பிடுகிறார்கள்.

"அதுக்கு என்ன இப்போ?" என்றாள் வெய் அக்கா, மாவு பிசைந்துகொண்டே. "என் மக வயித்துல பொறந்தவனக்கூட நாங்க வெளிப்பேரன்னுதான் சொல்றோம். நான் அவனுக்கு வெளிப்பாட்டி. பாதி சனம் வெளியிலதான் நிக்குது. நீயும் நில்லு."

"எவ்வளவு நாள் நிக்கணும்?"

"கால் வலிக்கிற வரைக்கும். அப்புறம் உக்காந்துக்க."

வெய் அக்காவின் கணவர் காவ் அண்ணன் சூட்டுமேடையில் படுத்தபடி சிரித்தார். எங்கள் வீடுகளில் படுக்கை, இருக்கை எல்லாம் அந்தச் செங்கல் மேடைதான். அடியில் கரி எரியும். காவ் அண்ணன் பழைய சிமெண்ட் சூளைக்காரர். எந்நேரமும் அவர் மூச்சில் ஒரு சல்லடை ஆடிக்கொண்டிருக்கும்.

"டுங், உங்க ஊர்ல ரோஜாவ ஆம்பளைங்க பொம்பளைங்களுக்குக் குடுப்பாங்களாமே?" என்பார். "இங்க நாங்க சாக்குல அள்ளி எடைபோட்டுக் குடுக்குறோம். யாருக்கு ஆசை அதிகம், சொல்லு?"

சட்டி திரும்பி வந்த அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் மேனேஜர் டோன்காவைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். உள்ளூர் ஆட்கள் வேலை கற்றுவிட்டார்கள், இனி நிபுணர் சம்பளம் கொடுக்க முடியாது. இருக்க விரும்பினால் சாதாரணச் சம்பளத்தில் இருக்கலாம். ரோஜாப் பறிப்பு தொடங்கும்போது முடிவைச் சொல்ல வேண்டும். டோன்கா வேறு யாரிடமும் யோசனை கேட்காமல் வெய் அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, கிழக்கு அறை எனக்கு எவ்வளவு நாள் கெடைக்கும்?"

"செவுரு விழுற வரைக்கும்."

காவ் அண்ணன் எழுந்து போய்க் கிழக்கு அறையைப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த மேடை ஒரு பக்கம் அமுங்கிப்போச்சு. மண்ணு இளகட்டும். பிரிச்சுப் புதுசாக் கட்டித் தர்றேன். கெழவியானா முதுகுக்குச் சூடு வேணும்."

புது மேடை கட்டுகிறார்கள் என்றால் அங்கே ஒருவர் முதுமை வரை இருக்கப்போகிறார் என்று அர்த்தம். நேராகச் சொல்லப்படாத அந்த ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. என் அறைக்கு வந்து உட்கார்ந்து, என் சுவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுக்கு இருமல் வந்தது. கஷாயம் காய்ச்சச் சட்டி கேட்டாள். வெய் அக்கா எங்கள் தெருவுக்குப் பொதுவாக இருந்த தன் சட்டியைத் தேடிப் பிடித்து, "இந்தா, இதுல காய்ச்சிக் குடி, கசந்தா என்னைத் திட்டு," என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

சட்டி திரும்பி வந்த அன்று, விருந்தாளிகள் போன பிறகு காவ் அண்ணன் மனைவியிடம் பேசியதை மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"நாலு தெரு கூடுற எடத்துல போட்டு ஒடச்சிடு."

"அவ கேட்டா என்ன சொல்றது?"

"கை தவறிடுச்சுன்னு சொல்லு."

"சொன்னா, புதுசு ஒண்ணு வாங்கி நெறச்சு எடுத்துட்டு வருவா."

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்த இருமல் நிற்கவில்லை. முன்பும் இருமியவர்தான், யாரும் அதை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இப்போது தெரு எண்ணியது. முதலில் அவரும் விளையாட்டாகத்தான் இருந்தார். "பல்கேரியா இருமல். இறக்குமதிச் சரக்கு," என்பார். மண் இளகிற்று. மேடை கட்ட மண் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார்கள். அவரால் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. வைத்தியர் வேர்களும் பட்டைகளும் எழுதிக் கொடுத்தார். டோன்கா திருப்பித் தந்த அந்தச் சட்டியில்தான் வெய் அக்கா காய்ச்சினாள். அவர் விளையாட்டுப் பேச்சை விட்டார். டோன்கா முற்றத்தைக் கடக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

டோன்கா தினமும் அவரைப் பார்க்கப் போனாள். சூப் வைத்துக் கொண்டுபோனாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வெய் அக்கா வாசலிலேயே பேசி அனுப்பினாள். அவர் தூங்குகிறார், என்றாள். தினமும் தூங்கினார்.

இதற்கு நடுவில் ஊர் ஒரு புதுப் பழக்கத்துக்கு வந்திருந்தது. டோன்கா இரவல் வாங்கியதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. குடை, சல்லடை, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு. "நீயே வச்சுக்க டுங், எங்ககிட்ட வேற இருக்கு." அவள் அறையில் ஊர்ச்சாமான்கள் சேர்ந்தன. ஒருநாள் வாலையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள்:

"லூ, உங்க ஊர் மாதிரி கை தாராளமான ஊர நான் பார்த்ததில்ல. எதைக் குடுத்தாலும் திருப்பி வாங்க மாட்டேங்கிறாங்க. என் மகன்கிட்ட போன்ல சொன்னேன். நம்பவே இல்ல அவன்."

நான் செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்குள் பெங் சொல்லிவிட்டாள்.

தோஃபு வாங்கப் போனபோது எடுத்து வந்த தட்டைக் கொடுக்க டோன்கா போயிருக்கிறாள். கடை முன்னால் நாலைந்து பெண்கள். பெங் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் தாயி. நீ திருப்பிக் குடுக்குறது எங்களுக்குத் தாங்காது. காவ் வீட்டுக்குக் குடுத்ததே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். டோன்காவும் சிரித்தாள். தட்டோடு திரும்பி வந்தாள். ஆலையில் அன்று வெறும் தண்ணீரை விட்டு வாலைகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் பறிப்பு தொடங்க வேண்டும். நீராவிச் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"லூ, தாங்காதுன்னா என்ன? காவ் வீட்டுக்கு நான் என்ன குடுத்தேன்?"

சொன்னேன். சட்டி நடப்பதைப் பற்றி, கேட்டு வாங்குவதைப் பற்றி, ஊர் அவர் இருமலை எந்த நாளில் இருந்து எண்ணுகிறது என்பதைப் பற்றி.

"காவ் அண்ணன் முன்னாடியே இருமிக்கிட்டுத்தானே இருந்தார்?"

"ஆமா."

"சிமெண்ட் தூசி."

"ஆமா. எல்லாருக்கும் தெரியும்."

"நீ நம்புறியா?"

"நம்பல," என்றேன். "ஆனா நான் திருப்பிக் குடுக்க மாட்டேன்."

அவள் சக்கரத்தை மெதுவாகத் திருகி மூடினாள். "எங்க ஊர்ல வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்தா, எரவல் தந்த வீடு காலியாப் போகும்னு சொல்வாங்க. அதான் நெறச்சேன். நல்ல அக்ரூட்டா ஒண்ணொண்ணாப் பொறுக்கி நெறச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "குடுத்ததத் திருப்பி எடுக்கிறதுக்கு வழி இருக்கா?" என்றாள்.

"சீக்காளி வந்து கேட்டா குடுக்கலாம். சட்டியோட சீக்கும் போயிடும்னு சொல்வாங்க."

அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

வெய் அக்கா முற்றத்து அடுப்பின் முன் குந்தி விசிறிக்கொண்டிருந்தாள். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மேடைக்கென்று கொட்டிய மண்ணில் புல் முளைத்திருந்தது. டோன்கா தெரு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டாள், புதிதாக வந்தவள் போல.

"அக்கா, எனக்கு ஒடம்பு சரியில்ல. மருந்துச் சட்டி வேணும்."

பிறகு இருமினாள்.

வெய் அக்கா அவளைப் பார்த்தாள். "இருமவே தெரியல உனக்கு."

"நெஜமாத்தான். இங்க அடைக்குது."

"குளிர்காலத்துல நீ இருமினது எனக்குத் தெரியாதா? முற்றமே அதிர்ந்துச்சு. இது கோழி தொண்டையக் கனைக்கிற மாதிரி இருக்கு."

"குடுங்க அக்கா. நான் எடுத்துட்டுப் போறேன்."

விசிறி நின்றது. வெய் அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

உள்ளே இருந்து காவ் அண்ணனின் குரல் வந்தது. "யாரு?"

"டுங்."

"என்னவாம்?"

"சட்டி கேக்குறா."

அவர் மூச்சின் சல்லடை ஆடியது.

"குடுத்துடு," என்றார்.

வெய் அக்கா துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டியை இறக்கினாள். கஷாயத்தைக் கிண்ணத்தில் வடித்தாள். சட்டி காலியானது. ஆவி பறக்கும் சட்டியைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். டோன்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகளில் செம்பு சுட்ட தழும்புகள் இருந்தன. இருவருக்கும் நடுவில் அந்த வாசற்படி மட்டும்தான். வெய் அக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு திரும்பி, சட்டியை அடுப்பு மேலேயே வைத்தாள்.

"அன்னைக்கே வாசல்ல சொல்லியிருக்கணும் நான்," என்றாள், குரலை இறக்கி. "நாலு பேரு இருந்தாங்க. உனக்குத் தலைக்குனிவா இருக்குமேன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டேன். ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ எடுத்துட்டுப் போயிருப்பே. சிரிச்சிருப்போம்."

"இப்பவும் எடுத்துட்டுப் போறேன் அக்கா. நான்தான் நம்பலையே. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நானும் நம்பலதான்." வெய் அக்கா கிண்ணத்தை எடுத்தாள். "ஆனாலும் நல்லா இருக்கிற மனுஷி கையில இதக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

கிண்ணத்தோடு உள்ளே போனாள். அவர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். கரண்டி கிண்ணத்தில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. டோன்கா நீட்டிய கைகளை இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெய் அக்கா வெளியே வந்தபோது எங்களைப் பார்க்கவில்லை. கூரை விளிம்பைப் பார்த்தாள்.

"ஆலை விடுதியில இப்போ வெந்நீர் நல்லா வருதாமே," என்றாள். "நாளையில இருந்து பூவெடுப்பு. விடியறதுக்கு முன்னாடி நீங்க போகணும். அங்க இருந்து பக்கம்."

அவள் டோன்காவை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் போ என்று சொல்வதில்லை. வேறொரு இடத்தைப் புகழ்வார்கள். நான் டோன்காவின் முகத்தைப் பார்த்தேன். 'எனக்கு வெந்நீர் வேண்டாம், இந்தக் குழாயே போதும்' என்று அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் வெய் அக்கா இன்னொரு முறை சொல்லியிருக்க மாட்டாள். வழக்கம் போல விட்டிருப்பாள். கிழக்கு அறை அவளுடையதாகவே இருந்திருக்கும்.

டோன்காவின் உதடுகள் அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தன.

"ஆமா அக்கா," என்றாள். "நானும் அதையேதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இந்தக் கால வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க முடியல. நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னுதான் சொல்லல."

எங்கள் ஊரில் பிறந்த ஒருத்தி இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. சொற்களின் ஏற்ற இறக்கம்கூடப் பிசகவில்லை.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு," என்றாள் வெய் அக்கா. விசிறியை எடுத்து அடுப்பின் முன் குந்தினாள். அடுப்பில் தீ இல்லை. வீசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பறிப்பு தொடங்கியது. விடிவதற்கு முன் பெண்கள் வயலுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் சாக்குகளைக் கொண்டுவந்தார்கள். முதல் வாலையை டோன்கா மூடினாள். இரண்டாவதை நான் மூடினேன். பூ கொஞ்சம் ஈரமாக இருந்தது, எண்ணெய் சுமாராக இறங்கியது. காலை பஸ்ஸில் காவ் அண்ணனின் மகன் வந்து அவரை மாகாணத் தலைநகர் லான்சோவின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வெய் அக்காவும் கூடப் போனாள். கோழிகளுக்குத் தீனி வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். மதியம் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் உருளைக்கிழங்கும் நூடுல்ஸும். மேனேஜர் டோன்காவின் மேஜைக்கு வந்து, என்ன முடிவு என்று கேட்டார். பருவம் முடிந்ததும் ஊருக்குப் போவதாகச் சொன்னாள். அவர் சரி என்றார். மாலையில் ஆலையின் மூன்று சக்கர வண்டி வந்து அவள் பெட்டியையும் படுக்கையையும் விடுதிக்கு எடுத்துப் போனது. நான் கிழக்கு அறையைப் பெருக்கிவிட்டுக் கோழிகளை அடைத்தேன்.